மருதப்பன் சொன்னது

சுள்ளி என்பது குறிப்பு எழுத உதவும் ஒரு செயலி. வெறும் எழுத்து, அவ்வளவுதான். படம் ஒட்ட முடியாது, வண்ணம் பூச முடியாது, நீங்கள் ஒரு வரி எழுதினால் மீதியை அது எழுதித் தராது. உலகத்தில் எழுதப்படுவதில் முக்கால்வாசியை இயந்திரங்களே எழுதித் தள்ளும் காலத்தில் இப்படி ஒன்றைக் கட்டிக்கொண்டு மாரடிக்கிறவளை என்னவென்று சொல்வது? ஞானசிகாமணி பல பெயர்கள் வைத்துக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டான். பொன்மாரி எதற்கும் அசையவில்லை.

இருவரும் ஒரே பெரிய நிறுவனத்திலிருந்து ஒரே மாதத்தில் வெளியே வந்தவர்கள். பாளையங்கோட்டையில் ஒரு மாவு மில்லுக்கு மேலே மாடி அறை. பொன்மாரி செயலியை எழுதுவாள். சிகாமணி அதைப் பயன்படுத்துகிறவர்களின் கடிதங்களுக்குப் பதில் எழுதுவான். கடிதம் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் திட்டத்தான் எழுதுவார்கள். அதனால் அவனுக்கு மனிதகுலத்தின்மேல் பெரிய மரியாதை ஒன்றும் கிடையாது. பொன்மாரிமேல் உண்டு. அதை அவளிடம் சொன்னதில்லை.

பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் சுள்ளியில் சான்று காட்டும் வசதியை அவள் சேர்த்தாள். ஒரு வரியை எழுதி, அதன் பக்கத்தில் ஒரு பெயரையும் ஆண்டையும் குறித்துவிட்டால் போதும். அந்த வரி எங்கிருந்து வந்தது என்று கீழே வந்து நிற்கும். அப்போது அதை யாரும் சீந்தவில்லை. பிறகு இயந்திரங்கள் எழுதியதில் எது மெய், எது பொய் என்று தெரியாமல் ஊரே குழம்பிப்போய், அரசாங்கம் மூலப் பதிவகம் என்று ஒன்றைத் திறந்தது. சான்று இல்லாத வரி கோர்ட்டில் செல்லாது, கல்லூரியில் செல்லாது, ஆஸ்பத்திரியில் செல்லாது என்று ஆயிற்று. சுள்ளிக்கும் ஒரு மவுசு வந்தது. பதிவகத்தின் அங்கீகாரம் கிடைத்துவிட்டால் அரசு அலுவலகங்கள் எல்லாம் இதையே எடுத்துக்கொள்ளும் என்று பேச்சு. விண்ணப்பம் பரிசீலனையில் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ரமீஜாவின் கடிதம் வந்தது.

மேலப்பாளையத்தில் கணக்கு டீச்சர் என்றும், கண் மங்கிக்கொண்டு வருவதாகவும், சுள்ளியில் படமும் பொத்தானும் இல்லாததால் திரையை வாசித்துச் சொல்லும் குரல் தடங்கலில்லாமல் படிப்பதாகவும் எழுதியிருந்தாள். "ஒரு வரிக்குச் சான்று காட்டுகிறீர்கள். அந்தச் சான்றுக்குச் சான்று எது? அதற்கு எது? கடைசிவரை பின்னாலேயே போய்ப் பார்க்க ஒரு விசை வைக்க முடியுமா? கொஞ்சம் அவசரம்."

சிகாமணி வழக்கம்போல 'பரிசீலிக்கிறோம்' என்று பதில் போட்டான். பொன்மாரி எட்டிப் பார்த்தாள்.

"அவசரம்னு எழுதியிருக்காவளே. என்ன அவசரம்னு கேட்டியா?"

"எல்லாரும் அவசரம்னுதான் எழுதுவாவ. போன வாரம் ஒருத்தர் எழுத்தை ஊதா கலர்ல காட்டணும், அவசரம்னாரு."

"இவிய ஊதா கேக்கல. கூப்பிடு."

மறுநாள் மதியம் ரமீஜா வந்தாள். முப்பது வயதிருக்கும். படிக்கட்டில் கைப்பிடியைத் தடவித் தடவி ஏறி வந்தவள், நாற்காலியைக் காட்டியதும் குரல் வந்த திசையைப் பார்த்துச் சிரித்தாள். நேராகப் பார்த்தால் ஆள் தெரியாதாம். ஓரக்கண்ணால் கொஞ்சம் தெரியுமாம்.

"எக்கா, எனக்கு விழித்திரை தேயுற நோய். புதுசா விழித்திரை ஒட்டு வச்சா நின்னுரும். ஆனா எனக்கு வைக்க மாட்டேங்காவ."

"ஏன்?"

"என் ரத்தத்துல எம்-12னு ஒரு மரபுக்குறி இருக்காம். அது உள்ளவங்களுக்கு ஒட்டு ஆறு மாசத்துல உதிர்ந்துருமாம். ஆஸ்பத்திரியில யாருக்கு வைக்கணும், யாருக்கு வேண்டாம்னு ஒரு பொறிதானே முடிவு பண்ணுது. சான்று கேட்டேன். நூத்துக்கு மேல கட்டுரைய அடுக்கிருச்சு."

"நூறு கட்டுரை ஒண்ணையே சொல்லுதுன்னா..." என்று சிகாமணி இழுத்தான்.

"அண்ணே, என் கிளாஸ்ல நாப்பது பிள்ளைங்க ஒரே தப்பான விடைய எழுதியிருந்தா, நாப்பது பேரும் கணக்குப் போட்டாங்கன்னு அர்த்தம் இல்ல. ஒருத்தன் போட்டான், மத்தவன் பாத்து எழுதினான். அந்த ஒருத்தன் யாருன்னுதான் கேக்கேன்."

பொன்மாரி கேட்டாள்: "எதுவரைக்கும் தாங்கும்னு சொன்னாங்க?"

"கார்த்திகை மழை வரைக்கும். அதுக்கப்புறம் ஒட்டுறதுக்கே உள்ள எடம் இருக்காதாம்." வீட்டுப்பாடம் சொல்கிற குரலில்தான் சொன்னாள். கை மட்டும் துப்பட்டாவின் ஓரத்தை முறுக்கிக்கொண்டிருந்தது.

அது ஆவணி மாதம்.

பொன்மாரி வேலை செய்வதைப் பார்க்க வேண்டும். மற்றவர்கள் ஒரு வசதியைச் சேர்த்தால் கூடவே நாலு தொல்லையும் சேரும். அவள் ஒன்றைச் சேர்க்குமுன் வேண்டாததை எல்லாம் கழிப்பாள். இந்த விசைக்கு வேர் என்று பெயர் வைத்தாள். ஒரு வரியின்மேல் நின்று வேரை அழுத்தினால், அது எந்தக் கட்டுரையிலிருந்து வந்ததோ அங்கே போகும். மறுபடி அழுத்தினால் அதற்கும் பின்னால் போகும். திரையில் படம் வரைந்து கோடு கோடாக இழுத்துக் காட்டலாமே என்றான் சிகாமணி. "பாக்க முடியாதவங்க கேட்ட வசதி. அவங்களுக்குக் கோடு என்னத்துக்கு?" என்றாள். அதற்குப் பதில் ஒரு சத்தம் வைத்தாள். ஒவ்வொரு படி பின்னால் போகும்போதும் கதவைத் தட்டுவதுபோல் ஒரு தட்டு. ஏற்கெனவே வந்த இடத்துக்கே திரும்ப வந்துவிட்டால் இரண்டு தட்டு. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலே வழி தெரிந்தது. இத்தனை வருடம் கூட இருந்தும், இந்த மாதிரி நேரத்தில் அவளைப் பார்த்தால் சிகாமணிக்கு மலைப்பாகத்தான் இருக்கும்.

புரட்டாசி பிறந்ததும் ரமீஜாவை வரவழைத்தார்கள். ஆஸ்பத்திரிப் பொறி காட்டிய சான்றுகளை எல்லாம் சுள்ளிக்குள் கொட்டி, முதல் வரியின்மேல் அவள் விரலை வைத்தாள் பொன்மாரி.

தட்டு. தட்டு. தட்டு. கொஞ்சம் போனதும் இரண்டு தட்டு.

"எக்கா, வந்த எடத்துக்கே வந்துட்டோம்."

வேறு கட்டுரையில் தொடங்கினார்கள். அதுவும் சுற்றி வந்து அதே இடத்தில் இரண்டு தட்டு தட்டியது. எங்கே தொடங்கினாலும் அப்படித்தான். இவன் அவனைச் சொல்கிறான், அவன் இன்னொருவனைச் சொல்கிறான், அந்த இன்னொருவன் இவனையே சொல்கிறான். எல்லாம் இயந்திரங்கள் எழுதிய தொகுப்புக் கட்டுரைகள். ஒன்றில்கூட ஒரு டாக்டர் ஒரு நோயாளியின் கண்ணைப் பார்த்ததாக இல்லை.

"சுத்துக்கு வெளிய ஒரே ஒரு இழை போகுது," என்றாள் பொன்மாரி, திரையில் கண் வைத்து. "இருக்கிறதுலயே பழைய கட்டுரை. அது மட்டும் வேற ஒருத்தரைச் சொல்லுது. மருதப்பன், ரெண்டாயிரத்து ஐம்பத்தொண்ணு. அழுத்துங்க."

ரமீஜா அழுத்தினாள். ஒரு தட்டு. மறுபடி அழுத்தினாள். சத்தமே இல்லை. வேர் அங்கே முடிந்துவிட்டது.

"கிடைச்சிருச்சா? எக்கா, யாரு அது?"

பொன்மாரியின் முகம் போன போக்கைப் பார்த்து சிகாமணி எழுந்து வந்தான். திரையில் இருந்தது அவர்களுடைய கோப்பு. சான்று காட்டும் வசதியை முதன்முதலில் வெளியிட்டபோது, அதை எப்படிப் பயன்படுத்துவது என்று காட்டக் கூடவே வைத்த உதாரணம்.

'எம்-12 குறி உள்ளவர்களுக்கு விழித்திரை ஒட்டு ஆறு மாதத்தில் உதிர்ந்துவிடும்.' பக்கத்தில், மருதப்பன், 2051. கீழே, நெல்லை மருத்துவ மலர் என்று இல்லாத ஒரு பத்திரிகை.

"இது நான் எழுதினது," என்றாள் பொன்மாரி.

ரமீஜாவின் பக்கம் திரும்பித் தொடர்ந்தாள். "செயலி எழுதுற நாங்க எல்லாரும் செய்யுறதும்மா. வசதி வேலை செய்யுதான்னு பாக்க ஏதாவது ஒரு வரிய அடிச்சு வைப்போம். அது நிசம் மாதிரி இருக்கணும், அவ்வளவுதான். அன்னைக்குப் பேப்பர் பூரா விழித்திரை ஒட்டுதான். அதனால அத எழுதினேன். யாரோ இயந்திரத்த வச்சு இணையத்த வாரி அள்ளுனப்போ இதையும் அள்ளிருக்கு. டாக்டர் குறிப்புன்னு நெனச்சு ஒரு கட்டுரையில போட்டிருக்கு. அதப் பாத்து இன்னொண்ணு."

"எக்கா, மொத்தம் எத்தன மரபுக்குறி இருக்கு?"

"முப்பது."

"அதுல ஏன் பன்னெண்டு?"

"தெரியலம்மா. கை அங்க போச்சு."

ரமீஜா கத்துவாள் என்று சிகாமணி எதிர்பார்த்தான். கத்தினால் தேவலை என்றுகூட இருந்தது. ஆனால் அவள் கேட்டது வேறு.

"அப்போ இத்தன வருசமா எம்-12 ஆளுங்க யாருக்குமே ஒட்டு வைக்கலியா?"

"வைக்கல. வைக்காததால யாரும் பாக்கல. பாக்காததால யாரும் மறுத்துச் சொல்லல."

"உதிரும்னும் யாருக்கும் தெரியாது. நிக்கும்னும் தெரியாது." அவள் தலையை ஆட்டினாள். "சரி. தெரியாதுங்கிறதே எனக்கு ஒரு படி மேலதான்."

ரமீஜாவை ஆட்டோவில் ஏற்றிவிட்டு வந்ததும் சிகாமணி மெல்ல ஆரம்பித்தான். அங்கீகாரம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. உதாரணக் கோப்பைப் பற்றி வாயைத் திறக்காமல், 'மூலம் கிடைக்கவில்லை' என்று மட்டும் ஆஸ்பத்திரிக்கு எழுதினால் போதாதா? அதுவும் ஒரு வகையில் உண்மைதானே.

"மூலம் கிடைச்சிருக்கே, சிகா," என்றாள் அவள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அன்று சாயங்காலமே உள்ளது உள்ளபடி எழுதி ஆஸ்பத்திரிக்கு ஒன்றும் பதிவகத்துக்கு ஒன்றும் அனுப்பிவிட்டாள். சுள்ளியின் முதல் பக்கத்திலும் போட்டாள். பதிவகம் அந்த வாரமே விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டது. சிகாமணிக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஆனால் இப்படி ஒருத்தியோடு வேலை செய்கிறோமே என்று நெஞ்சு நிறைந்துபோனதும் அதே நாளில்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பதில்தான் வேடிக்கை. பதிவான ஒரு கூற்றை அதன் ஆசிரியர் மட்டுமே திரும்பப் பெற முடியுமாம். ஆசிரியர் பெயர் மருதப்பன். பொன்மாரி வெறும் செயலிக்காரி; அவள் சொல் எடுபடாது. மருதப்பன் அவர்கள் நேரில் வந்து சொல்ல வேண்டும்.

"இல்லாத ஆள எங்க போய்த் தேட?" என்றான் சிகாமணி.

"இருக்காரே. நம்ம தண்ணி லாரி அண்ணாச்சி."

சிகாமணி தலையில் கையை வைத்துக்கொண்டான். அந்த உதாரணத்தை அவள் அடித்துக்கொண்டிருந்தபோது கீழே லாரி வந்து நின்று ஆரன் அடித்திருக்கிறது. பெயர் ஒன்று தேவைப்பட்டது. அவர் பெயர் வந்து விழுந்துவிட்டது. பதிவகத்தின் கணக்குப்படி, விழித்திரை மருத்துவத்தில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படும் அறிஞர்களில் ஒருவர் சீவலப்பேரியிலிருந்து தண்ணீர் லாரி ஓட்டும் மருதப்பன்.

மறுநாள் தண்ணீர் இறக்க வந்தவரிடம் விஷயத்தைச் சொன்னார்கள். முதலில் சிரித்தார். பிறகு பயந்தார். "நான் யார் கண்ணப் பத்தியும் ஒண்ணும் சொன்னதில்லம்மா. எனக்கே கிட்டத்து எழுத்து தெரிய மாட்டேங்கு. போலீஸ் கீலீஸ்னு வராதே?"

"வராது அண்ணாச்சி. தப்பு என்னோடது. நீங்க வந்து, நான் சொல்லலன்னு சொன்னாப் போதும்."

ஐப்பசியில் ஒரு காலையில் ஆஸ்பத்திரியில் கூடினார்கள். டாக்டர் திரவியம் விழித்திரைப் பிரிவின் தலைவர். நல்ல மனிதர், களைத்துப்போன மனிதர். மருதப்பனுக்கு எழுந்து நாற்காலி போட்டார். மருதப்பன் துண்டை உதறி மடித்து மடியில் வைத்துக்கொண்டு நுனியில் உட்கார்ந்தார்.

"பொறி விடமாட்டேங்குதேன்னு நானும் எத்தனையோ பேருக்குக் கைய விரிச்சிருக்கேன்," என்றார் டாக்டர். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒரு விஷயம் சொல்லுதேன். இவரு 'நான் சொல்லல'ன்னு சொன்னா, கூற்று விழுந்துரும். ஆனா பொறிக்கு அதுக்கப்புறம் ஒண்ணும் தெரியாது. தெரியாதுன்னா அது ஒதுங்கிக்கும். நாங்க மூணு டாக்டர் உக்காந்து கையெழுத்துப் போடணும். பத்து வருசமா அப்படி யாரும் உக்காந்ததே இல்ல. மத்த ரெண்டு பேர இழுத்துட்டு வர எவ்வளவு காலம் ஆகுமோ. அதுக்குப் பதிலா இவரு 'மறுபடி பாத்தேன், ஒட்டு நிக்கும்'னு ஒரே ஒரு வரி சொல்லட்டும். இவ்வளவு பெரிய பேரு. பொறி இன்னைக்கே வழி விட்டுரும்."

ரமீஜாவின் முகம் சட்டென்று நிமிர்ந்தது.

"சொல்லிருவோம்," என்றான் சிகாமணி. "என்ன யோசனை? ஒரு பொய்யால போனது, இன்னொரு பொய்யால வரட்டும்."

மருதப்பன் பொன்மாரியைப் பார்த்தார். "அந்தப் பிள்ளைக்கு நல்லது நடக்கும்னா நான் சொல்லுதேம்மா. என்ன வந்தாலும் பாத்துக்கிடுவோம்."

பொன்மாரி ரமீஜாவின் பக்கம் திரும்பினாள். "இது உங்க கண்ணு. அவரு சொன்னா நான் குறுக்க நிக்க மாட்டேன். ஆனா என் கையால அந்த வரிய அடிக்க மாட்டேன். ஒருக்க அடிச்சது போதும்."

சிகாமணிக்கு அப்போது அவள்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அங்கீகாரம் போனது போகட்டும்; இங்கே ஒரு பெண்ணின் பார்வை. ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் ரமீஜா பேசினாள்.

"டாக்டர், நிக்கும்னு இவரு சொல்லிட்டா, எனக்கு அப்புறம் வர்ற எம்-12காரங்களுக்கும் அதத்தானே பொறி சொல்லும்?"

"ஆமா."

"உதிர்ந்தா?"

டாக்டர் கையை விரித்தார்.

"என் கிளாஸ்ல வழியக் காட்டாம விடைய எழுதினா, விடை சரியா இருந்தாலும் நான் மார்க் போட மாட்டேன்." மருதப்பன் பக்கம் திரும்பினாள். "வேண்டாம் அண்ணாச்சி. தெரியாதுன்னே சொல்லுங்க."

மருதப்பன் பதிவகத்தோடு இணைத்திருந்த ஒலிவாங்கியின் முன் குனிந்து, லாரிக்குள்ளிருந்து பேசுவதுபோல் உரக்கச் சொன்னார். "நான் மருதப்பன். நான் இதப் பாத்ததும் இல்ல, சொன்னதும் இல்ல. எனக்குத் தெரியாது." நூற்றுக்கும் மேற்பட்ட கட்டுரைகளில் இருந்த அந்த வரி, அடுத்த நிமிடமே எல்லா இடத்திலும் சாய்ந்து விழுந்தது.

டாக்டர் திரவியம் சொன்னபடியே நடந்தது. ஒரு டாக்டர் வெளிநாட்டில், இன்னொருவர் கையெழுத்துப் போடத் தயங்கினார். பொறி சொல்லாமல் எப்படி முடிவெடுப்பது என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. திரவியம் அவர் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தார் என்று கேள்வி. மழை பிடித்துக்கொண்டது. கார்த்திகை பிறந்து கொஞ்ச நாளில் ரமீஜாவை உள்ளே கொண்டுபோனார்கள்.

அதற்கிடையில் பொன்மாரி சுள்ளியில் இன்னொன்றைச் சேர்த்தாள். இனி சான்று காட்டும்போது அது எப்படிப்பட்டது என்றும் சொல்லலாம்: கண்டது, கேட்டது, தெரியாது. 'தெரியாது' என்பதையும் ஒரு சான்றாக எழுதலாம் என்று உலகத்தில் எந்தச் செயலியிலும் அதுவரை இல்லை. உதாரணக் கோப்பையும் மாற்றினாள். அதில் இப்போது ஒரே ஒரு வரி: 'இது உதாரணம். இதை எழுதியவள் பொன்மாரி.'

வைகாசியில் ரமீஜாவிடமிருந்து ஒரு கோப்பு வந்தது. கடிதம் இல்லை, சுள்ளியில் எழுதிப் பதிவகத்துக்கும் அனுப்பிய குறிப்பு. சிகாமணி திறந்து சத்தமாகவே படித்தான்.

'எம்-12. வலக்கண்: ஒட்டு வைக்கவில்லை. காத்திருந்த நாட்களில் உள்ளே இடம் போய்விட்டது. இடக்கண்: ஒட்டு வைத்து ஆறு மாதம் முடிந்தது. நிற்கிறது. இந்த வரியை நானே பார்த்து அடிக்கிறேன். ரமீஜா, கண்டது.'

பொன்மாரி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஒரு கண்ணுக்காக அழுதாளா, மறு கண்ணுக்காக அழுதாளா என்று சிகாமணி கேட்கவில்லை. கீழே தண்ணீர் லாரி வந்து ஆரன் அடித்தது. யாரும் எழுந்து போகவில்லை.

சில வாரம் கழித்து, சிகாமணி ஏதோ திட்டுக் கடிதம் என்று நினைத்து ஒன்றைத் திறந்தான். ஓசூரிலிருந்து ஒருவர். அவர் மனைவிக்கும் எம்-12 குறி இருக்கிறதாம், இடக்கண்ணில் ஒட்டு வைக்க ஆஸ்பத்திரியில் சம்மதித்துவிட்டார்களாம், அந்த உத்தரவைப் படித்துப் பார்க்கச் சுள்ளி உதவியதாம், நன்றியாம். உத்தரவையும் கூடவே அனுப்பியிருந்தார். 'ஒரு கண்ணில் நின்றதாகத் தெரிகிறது' என்று ஒரு வரி.

சிகாமணி அந்த வரியின்மேல் நின்று கண்ணை மூடிக்கொண்டு வேரை அழுத்தினான். ஒரு தட்டு. மறுபடி அழுத்தினான். சத்தமே இல்லை.

அங்கே ரமீஜா இருந்தாள்.